வேலியும் பயிரும்

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேர்வது எப்படி என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. காவலுக்கு நின்றவனே களவாடினால் முறையிட வேறு இடமில்லை என்பது அதன் கருத்து. சமயத் தொண்டர் என்று ஊரார் நம்பிய சிலர், தம்மை நாடி வந்த குழந்தைகளையே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய செய்திகளைப் படிக்குந்தோறும் இப்பழமொழி நம் நினைவுக்கு வருகிறது. பழமொழியை நினைத்துப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. வேலி பயிரை மேய்வதற்குக் காரணம் யாது? மேய்ந்தது தெரிந்த பிறகு வேலிக்கு உடையவர்கள் என்ன செய்கிறார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் சங்கத்தின் ஏட்டில் இப்பொருளை எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பலருடைய ஊர்கள் பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும் இடுக்கியின் மலைச்சரிவுகளிலும் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. அங்கே வாழ்ந்த தமிழ் மக்கள் தம் ஊரிலேயே மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். தாயும் தந்தையும் விடியலிலேயே தேயிலைக் காட்டுக்குப் போய்விடும் வீடுகளில், பிள்ளையின் படிப்பு, விடுதி, மாலை வகுப்பு எல்லாம் பிறர் கையில்தான் இருக்கின்றன. அந்தப் பிறர் பெரும்பாலும் நல்லவர்களே. சமய நிறுவனங்கள் நடத்திய பள்ளிகளால் எழுத்தறிவு பெற்ற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த நன்றியை மறவாமலே இதைப் பேச வேண்டும். நல்லவர் பலர் இருக்கும் இடத்தில் தீயவன் ஒருவன் எளிதாக மறைந்துகொள்கிறான் என்பதும் உண்மையல்லவா?

கொட்டியூர் காட்டும் பாடம்

கேரளம் முழுவதையும் உலுக்கிய ஒரு வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணூர் மாவட்டத்திலுள்ள கொட்டியூரில், மானந்தவாடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்குத்தந்தையாக இருந்தவர் ராபின் வடக்கஞ்சேரி. அவர் மேலாளராக இருந்த பள்ளியில் படித்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு குழந்தையைப் பெற்றாள். பிறந்த குழந்தை சமய நிறுவனம் நடத்திய ஆதரவற்றோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டது. பெற்ற தந்தையே மகளைக் கெடுத்ததாக முதலில் சொல்ல வைக்கப்பட்டது. பெயர் சொல்லாத ஒருவர் குழந்தைகள் உதவி அமைப்புக்குத் தகவல் தந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வேளையில் பாதிரியார் பிடிபட்டதாகக் காவல்துறை தெரிவித்தது.

வழக்கு மன்றத்திலும் இடர் தீரவில்லை. சிறுமியும் பெற்றோரும் தம் முதல் வாக்குமூலத்திலிருந்து பிறழ்ந்தனர். அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதாகவும் சொன்னார்கள். ஆயினும் பிறப்புப் பதிவும் மரபணுச் சோதனையும் பொய் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2020இல் அவர் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. பாதிக்கப்பட்டவளையே மணந்துகொள்ளப் பிணை வேண்டும் என்ற கோரிக்கையை 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தண்டனையை 10 ஆண்டாகக் குறைத்தது.

இவ்வழக்கில் உடந்தையாளர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அமைப்பு முறையில் ஒரு குறை தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகளின் நலனைக் காக்க அரசு அமைத்த வயநாடு மாவட்டக் குழுவின் தலைவராக அப்போது இருந்தவரும் அதே மறைமாவட்டத்தின் பாதிரியார் ஒருவரே. அக்குழுவை அரசு பின்னர் கலைத்துவிட்டது. தனி மனிதர் குற்றமற்றவர் ஆகலாம். ஆனால் பள்ளி, இல்லம், முறையீட்டு மன்றம் யாவும் ஒரே குடையின்கீழ் நின்றால், அழும் குழந்தை எந்தத் திசையை நோக்கி ஓடும்?

கொட்டியூர்ச் செய்தி வெளியான அதே நாட்களில் பாலக்காடு மாவட்டத்து வாளையாறில் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தூக்கில் இறந்து கிடந்தாள். மார்ச்சில் அவளுடைய 9 வயதுத் தங்கையும் அவ்வாறே இறந்து கிடந்தாள். அங்கே சமயத் தலைவர் எவருக்கும் தொடர்பில்லை. ஆயினும் மூத்தவள் வன்கொடுமைக்கு ஆளானதற்கு அறிகுறி இருந்தும், இளையவளைக் காக்க எவரும் விரையவில்லை. 2019இல் கீழ் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2021 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பின்னர் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றம் புரிந்தவன் அணிந்த உடை காவியாயினும் வெள்ளையாயினும் சாதாரணச் சட்டையாயினும், குழந்தையின் முதல் அறிகுறியைக் கேளாத காதுகள் ஒரே இனத்தவைதாம்.

காரணங்கள் யாவை?

முதற்காரணம் கேள்வி கேட்க முடியாத நம்பிக்கை. ஆசிரியர் தவறு செய்தால் தலைமையாசிரியரிடம் சொல்லலாம். மேற்பார்வையாளர் தவறு செய்தால் தொழிற்சங்கத்திடம் சொல்லலாம். இறைவனின் பெயரால் பேசுகிறவர் தவறு செய்தால் யாரிடம் சொல்வது? குழந்தையின் உள்ளத்தில் அவர் சொல்வது கடவுள் சொல்வதாகவே பதிந்திருக்கும். 'இதை வெளியே சொன்னால் பாவம்' என்று அவரே சொல்லிவிட்டால், குழந்தை தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொள்கிறது. அதனால் உடலுக்கு நேர்ந்த காயத்தோடு, துன்பத்தில் பற்றிக்கொள்ளும் இறைநம்பிக்கையும் அதற்கு இல்லாமற்போகிறது. இவ்வகைக் கொடுமையின் தனித்தன்மை இதுவே.

இரண்டாவது காரணம் சார்ந்து நிற்கும் நிலை. பள்ளியில் இடம், விடுதியில் படுக்கை, கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம், நோயுற்றால் மருத்துவமனைச் சலுகை ஆகிய யாவும் ஒருவர் கையில் இருக்குமானால், அவரைப் பகைத்துக்கொள்ள ஏழைக் குடும்பம் துணியாது. தோட்டத்து வீடு தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்திலே வளர்ந்த மக்களுக்குப் பணிந்து போவது பழக்கமாகிவிடுகிறது. தீயவன் இத்தகைய குடும்பங்களையே தேர்ந்தெடுக்கிறான்.

மூன்றாவது காரணம் மூடிய இடம். இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கை மாத்தளையிலிருந்து 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்த பிரேமானந்தா, விராலிமலை அருகே ஆசிரமம் அமைத்தார். போரில் பெற்றோரை இழந்த ஈழத்துச் சிறுமியர் பலர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். 1994இல் அங்கு நடந்த கொடுமைகள் அம்பலமாயின. 13 பெண்களைக் கெடுத்ததற்காகவும் ஒரு கொலைக்காகவும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் அவர் சிறைக்கைதியாகவே இறந்தார். தாயில்லை, தந்தையில்லை, நாடும் இல்லை. ஆசிரமத்து மதிலைத் தாண்டினால் போக்கிடமும் இல்லை. அக்குழந்தைகள் நெடுநாள் வாய் திறவாதிருந்ததில் வியப்பென்ன?

நான்காவதாகச் சொல்லப்படுவது துறவு. மணமறுத்து வாழ்வதே இக்குற்றத்தின் வேர் என்று பலர் எளிதாக முடிவு கட்டுகின்றனர். சான்றுகள் அவ்வளவு எளிதாக அம்முடிவுக்கு இடந்தரவில்லை. அமெரிக்காவில் மணம்புரிந்த போதகர்களைக் கொண்ட தென்பாப்டிஸ்டுத் திருச்சபையிலும் இதே குற்றங்கள் நடந்ததையும், தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றைப் புறக்கணித்ததையும் 2022ஆம் ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. நம் நாட்டிலே குடும்பம் உடைய சாமியார் ஆசாராம், பதினாறு வயதுச் சிறுமியைக் கெடுத்த குற்றத்துக்காக 2018இல் ஜோத்பூர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். கேரளத்தில் மதரசா ஆசிரியர்கள் சிலரும் இத்தகைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கின்றனர். எனவே ஒரு சமயத்தையோ ஒரு வாழ்க்கை நெறியையோ மட்டும் சுட்டிக்காட்டி மற்றவர் கை கழுவிக்கொள்ள இயலாது. மேற்பார்வை இல்லாத அதிகாரமும், தனித்து விடப்பட்ட குழந்தையும் சேரும் இடமே ஆபத்தான இடம்.

ஐந்தாவது காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நடந்ததைச் சொல்லக் குழந்தைக்கு நாம் சொற்களே கற்பிக்கவில்லை. மானம் போய்விடும் என்று பெண் குழந்தையை அடக்குகிறோம். ஆண்பிள்ளைக்கு இப்படியெல்லாம் நேராது என்று மகனை நம்ப மறுக்கிறோம். மத்திய அரசு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு உள்ளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களில் ஆண் குழந்தைகள் பாதிக்குச் சற்று அதிகம். துன்புறுத்தியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய நிலையில் இருந்தவர்கள்.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

குற்றம் செய்பவன் ஒருவன். ஆனால் அதை நீளவிடுவது நிறுவனம். உலகெங்கும் நிறுவனங்கள் முதலில் செய்தது ஒன்றே: பெயரைக் காத்தல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகளைக் கெடுத்த குருக்களை மேலதிகாரிகள் ஒரு பங்கிலிருந்து மறு பங்குக்கு மாற்றி மாற்றி அனுப்பியதை 2002ஆம் ஆண்டில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் வெளியிட்டது. அவ்வாண்டு இறுதியில் அந்நகரின் கர்தினால் பதவி விலகினார். பின்னர் ஆயர்களின் வேண்டுகோளின்படி நடந்த ஆய்வு, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டு எழுந்ததாகக் கணக்கிட்டது. அது மொத்தக் குருக்களில் நூற்றுக்கு நான்கு ஆகும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர்மீது குற்றச்சாட்டு இல்லை என்பதையும் இந்த எண்ணே சொல்கிறது. ஆனால் அந்தத் தொண்ணூற்றாறு பேரின் நற்பெயரே நால்வருக்குத் திரையாயிற்று.

மாற்றி அனுப்பும் வழக்கம் கடல் கடந்தும் நடந்தது. பாலக்காட்டின் வடக்கே அட்டப்பாடிக்கு அப்பால் இருப்பது நீலகிரி. அங்குள்ள உதகை மறைமாவட்டத்துக் குரு ஒருவர் 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பணியாற்றச் சென்றார். சிறுமியரிடம் தகாது நடந்ததாக அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 2005இல் தாயகம் திரும்பிய அவர், மறைமாவட்டப் பணியிலேயே தொடர்ந்து இருந்து வந்தது 2010இல் உலகச் செய்தியாயிற்று. 2012இல் கைதாகி, 2014இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015இல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். தண்டனை முடிந்து திரும்பியவர்மீது இருந்த தடையை 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைமாவட்டம் நீக்கியது, கண்டனங்கள் எழுந்தன. குற்றவாளி மனந்திரும்பியிருக்கலாம், அதை இறைவன் அறிவான். ஆனால் குழந்தைகள் நடுவே அவரை மீண்டும் அனுப்பலாமா என்பது மன்னிப்பைப் பற்றிய வினா அன்று. காவலைப் பற்றிய வினா.

நிறுவனங்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான். சமயம் இச்செயலைப் பாவம் என்று பார்க்கிறது. பாவத்துக்கு மருந்து கண்ணீரும் தவமும் மன்னிப்பும். சட்டம் இதைக் குற்றம் என்று பார்க்கிறது. குற்றத்துக்கு விசாரணையும் சான்றும் தண்டனையும் உண்டு. பாவத்தை மன்னிக்கும் உரிமை சமயத்துக்கு இருக்கலாம்; குற்றத்தை மறைக்கும் உரிமை அதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், 'அவர் வருந்திவிட்டார்' என்ற ஒரு சொல்லால் எத்தனையோ கோப்புகள் மூடப்பட்டன. 'விசுவாசிகளின் மனம் புண்படும்', 'எதிரிகள் சிரிப்பார்கள்' என்ற சமாதானங்களும் கூடவே வந்தன. புண்பட்ட குழந்தையின் மனத்தை யார் எண்ணினார்கள்?

நல்ல திருப்பங்களும் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் விசாரணை ஆணையம் 2013 முதல் 2017 வரை எல்லாச் சமயங்களையும் அரசு இல்லங்களையும் ஒருங்கே ஆராய்ந்தது. பிரெஞ்சு நாட்டின் ஆயர்கள் தாமே தனி ஆணையம் ஒன்றை நியமித்து, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் 2,16,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற அதன் மதிப்பீட்டை 2021இல் தலைகுனிந்து ஏற்றனர். போப் பிரான்சிஸ் 2019 மே மாதத்தில், இத்தகைய செய்தியை அறிந்த குருக்களும் துறவியரும் திருச்சபை மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் இவ்வழக்குகளுக்கு இருந்த இரகசியக் காப்பை நீக்கினார். 2024 நவம்பரில், தமக்குத் தெரியவந்த ஒரு கொடுமையை உரிய முறையில் தொடராத பொறுப்பை ஏற்று இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் பதவி விலகுவதாக அறிவித்தார். இவற்றில் ஓர் உண்மை தெரிகிறது. நிறுவனங்கள் தாமாக விழித்துக்கொண்டது குறைவு. பத்திரிகையும் நீதிமன்றமும், எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்து பெரியவர்களான பின்னும் அஞ்சாமல் பேசிய அந்தக் குழந்தைகளுமே அவற்றை எழுப்பினர்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் போக்சோ சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிறையாத குழந்தைமீது குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையிலும், தமக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது. சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையைக் கெடுத்தால் அது கொடிய வகைக் குற்றமாகக் கருதப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குக் குறைந்த தண்டனையே 20 ஆண்டு. மகாராட்டிரத்து விடுதிச் சிறுமியர் வழக்கொன்றில், அறிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுங்குற்றம் என்று உச்சநீதிமன்றம் 2022இல் வலியுறுத்தியது.

பொய்ப் புகாரால் நல்லவர் ஒருவர் கெட்டுவிடுவாரே என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் தவறன்று. ஆனால் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதற்கே காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் நால்வர் அறைக்குள் கூடிப் பேசுவதால் குற்றவாளியும் தப்புவான். குற்றமற்றவரும் காலமெல்லாம் ஐயத்தின் நிழலிலே நிற்பார்.

எல்லைப் பகுதித் தமிழர் சிறப்பாக அறிய வேண்டிய இரண்டு விதிகள் உள. முதலாவது, புகார் எழுதப்படும் மொழி குழந்தைக்கு விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளர் தரப்பட வேண்டும் என்று 19ஆம் பிரிவே கூறுகிறது. குழந்தை தமிழிலே பேசலாம். அதன் சொல் தமிழறிந்தவர் வழியாகவே பதிவாக வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, சீருடையின்றி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். இரண்டாவது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மூணாறில் நடந்ததைப் போடியிலும், குமுளியில் நடந்ததைக் கம்பத்திலும், கொழிஞ்சாம்பாறையில் நடந்ததைப் பொள்ளாச்சியிலும் தமிழிலேயே சொல்லலாம். அங்கிருந்து அது உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும். உள்ளூர்ச் செல்வாக்குக்கு அஞ்சும் தாய்க்கு இவ்விதி பெரியதோர் ஊன்றுகோல்.

நாம் செய்யக்கூடியவை

விடுமுறையில் ஊருக்குப் போகும் நம்மிடம், தோட்டத்துப் பிள்ளைகள் கணக்குக் கேட்க வருவார்கள். அவர்களுள் ஒரு தம்பியோ தங்கையோ என்றேனும் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொல்லக்கூடும். 'அவரா? இருக்காது' என்ற சொல் நம் வாயிலிருந்து வந்துவிட்டால், அந்தக் குழந்தை இனி எவரிடமும் பேசாது. குறுக்கு விசாரணை வேண்டா. பொறுமையாகக் கேட்டு, 'நீ சொன்னது நல்லது. இது உன் பிழையன்று' என்று சொன்னால் போதும். பிறகு முதலில் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் அலுவலகம் அன்று. 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். காவல் நிலையத்துக்கு நேரே போகலாம். நிறுவனத்துக்குப் பின்னர் தெரிவித்துக்கொள்ளலாம். குழந்தையின் பெயரையும் ஊரையும் நண்பர் கூட்டத்திலும் சமூக வலைத்தளத்திலும் வெளியிடுவது சட்டப்படியும் குற்றம், அறத்தின்படியும் குற்றம்.

இன்னொன்றும் நம்மால் இயலும். தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்தவர் நம்மில் பலர். சட்டம் பயில்வோரும் சமூகப்பணி பயில்வோரும் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகி, மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொள்ள வழி உண்டா என்று நம் சங்கம் கேட்டறியலாம். நம் ஊர்ப் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்கலாம்: புகார்களைப் பெற வெளியார் ஒருவர் உண்டா? 1098 என்ற எண் விடுதிச் சுவரில் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா? பெரியவர் ஒருவர் குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருக்கலாகாது என்ற விதி உண்டா? நல்ல நிறுவனம் இவ்வினாக்களைக் கேட்டுச் சினங்கொள்ளாது. சினங்கொள்ளும் நிறுவனத்திடம் மறுமுறையும் கேட்க வேண்டும்.